ரத்தா, தாமதமா? டொராண்டோ விமானமும் 3 மணி நேரக் கணக்கும்

2005 ஜூலை 9, டொராண்டோ விமான நிலையம். மாலை 4.20க்குப் பிராங்க்ஃபர்ட் கிளம்ப வேண்டிய கோண்டோர் விமானத்துக்குச் செக்-இன் முடித்துவிட்டு ஒரு குடும்பம் காத்திருக்கிறது. விமானம் ரத்து என்று சொல்கிறார்கள். தகவல் பலகையிலும் ரத்து என்றுதான் இருக்கிறது. உள்ளே போன பெட்டிகள் கைக்குத் திரும்பி வருகின்றன. ராத்திரி ஓட்டலில் கழிகிறது. மறுநாள் வேறொரு நிறுவனத்தின் கவுண்டரில் மறுபடியும் செக்-இன். முந்தைய நாள் கொடுத்த இருக்கைகள் இல்லை, வேறு இருக்கைகள். விமான எண் மட்டும் பழைய எண்தான். பிராங்க்ஃபர்ட்டில் போய் இறங்கும்போது ஜூலை 11 காலை 7 மணி. போக வேண்டிய நேரத்தைவிட சுமார் 25 மணி நேரம் பிந்திவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். யாருக்கும் அடிபடவில்லை, பெட்டிகூடத் தொலையவில்லை. இப்படி ஒரு சாதாரண அலைச்சல்தான் ஐரோப்பிய விமானப் பயணிகளின் உரிமையைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டது. ஐரோப்பியச் சட்டத்தில் விமானத் தாமதத்துக்கு இழப்பீடு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இன்றும் அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தால் அப்படி ஒரு வரி கிடைக்காது. ஆனாலும் 3 மணி நேரம் தாமதமானால் பணம் கிடைக்கிறது. அது எப்படி வந்தது என்பதுதான் இந்த வழக்கின் கதை.

ஒரு சொல்லின் விலை 600 யூரோ

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற ஒழுங்குமுறை 2005 பிப்ரவரி 17இல் நடைமுறைக்கு வந்தது. டொராண்டோ சம்பவம் நடந்தபோது அதற்கு 5 மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்பிருந்த 1991ஆம் ஆண்டுச் சட்டம், டிக்கெட் கையில் இருந்தும் இடமில்லை என்று ஏற்ற மறுத்தால் மட்டுமே பேசியது. புதியது ரத்தையும் தாமதத்தையும் சேர்த்துக்கொண்டது. ஒன்றியத்துக்குள் இருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானமும் இதில் அடங்கும். வெளியிலிருந்து உள்ளே வருவதென்றால் இயக்குவது ஒன்றியத்து நிறுவனமாக இருக்க வேண்டும். கோண்டோர் ஜெர்மன் நிறுவனம் என்பதால்தான் கனடாவில் நின்றுபோன அந்தக் குடும்பம் இந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க முடிந்தது. இதே வழியில் ஒரு கனடிய நிறுவனத்தில் திரும்பியிருந்தால் வழக்கே இல்லை.

ரத்தானால் தூரத்தைப் பொறுத்து இழப்பீடு. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ. அதற்கு மேல் ஒன்றியத்துக்குள் எவ்வளவு தூரமானாலும், வெளியே என்றால் 3,500 வரையிலும் 400. அதையும் தாண்டினால் 600. டிக்கெட் விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மலிவு டிக்கெட்டில் போனவருக்கும் அதே தொகைதான்.

தாமதத்துக்கு என்ன? சாப்பாடு, போன் வசதி, ராத்திரி தங்க வேண்டியிருந்தால் ஓட்டல், அங்கே போய்வர வண்டி. 5 மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் பயணமே வேண்டாம் என்று டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அத்தோடு சரி. இழப்பீடு பற்றிப் பேச்சில்லை.

இதில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. ரத்து என்றால் என்ன என்று சட்டம் சொன்னது: முன்பே திட்டமிட்டு, குறைந்தது ஓர் இருக்கையாவது பதிவான ஒரு விமானத்தை இயக்காமல் விடுவது. தாமதம் என்றால் என்ன என்று சொல்லவே இல்லை. எத்தனை மணி நேரம் வரை அது தாமதம், எப்போது அது ரத்தாக மாறும் என்று கோடு எதுவும் கிழிக்கவில்லை.

நிறுவனத்தின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் இதன் விளைவு சட்டென்று புரியும். ரத்து என்று அறிவித்தால் தலைக்கு 600. அதே விமானத்தை மறுநாள் அதே எண்ணில் கிளப்பி, தாமதம் என்று சொல்லிவிட்டால் ஓட்டல் பில்லோடு முடிந்தது. எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேட்கவும் வேண்டுமா?

இதன் அபத்தத்தைப் பார்க்கக் கற்பனை உதாரணம் தேவையில்லை. டொராண்டோவுக்குச் சரியாக 11 நாள் முன்பு, ஜூன் 28 காலையில், வியன்னாவிலிருந்து ரோம் வழியாக பிரிண்டிசி போக வேண்டிய அலிடாலியா விமானம் ரத்தானது. காலை 6.45க்குக் கிளம்ப வேண்டியது. கிளம்ப 5 நிமிடம் இருக்கும்போது பயணிகளுக்குச் சொன்னார்கள். ஒரு பெண் பயணியை வேறு நிறுவன விமானத்தில் ஏற்றி ரோமுக்கு அனுப்பினார்கள். அவர் ரோமில் இறங்குவதற்கு 20 நிமிடம் முன்பே இணைப்பு விமானம் போய்விட்டது. கடைசியில் 10.35க்குப் பதில் 2.15க்கு பிரிண்டிசி சேர்ந்தார். மொத்தத் தாமதம் 3 மணி 40 நிமிடம். அவர் 250 யூரோ கேட்டார், வியன்னாவின் கீழமை நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கில் விமானம் ரத்துதான் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே கிடையாது. ஆக, 3 மணி 40 நிமிடம் பிந்தியவருக்குக் கேட்கும் உரிமை உண்டு, 25 மணி நேரம் பிந்திய குடும்பத்துக்கு இல்லை. சட்டத்தை எழுத்தாகப் படித்தால் இதுதான் நிலை.

புயலிலிருந்து பழுதுக்கு

குடும்பம் ஜெர்மனியின் ரூஸல்ஸ்ஹைம் நீதிமன்றத்துக்குப் போனது. தலைக்கு 600 யூரோ கேட்டது. நடந்தது ரத்து என்பது அவர்கள் வாதம். கோண்டோரின் வாதம், இது தாமதம். அங்கே தோல்வி. டார்ம்ஸ்டாட்டில் மேல்முறையீடு, அங்கும் தோல்வி. கடைசியில் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கை நிறுத்தி வைத்து, லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. சி-402/07 என்ற வழக்கு எண் அப்படி வந்தது.

தீர்ப்பில் போகிற போக்கில் ஒரு விவரம் பதிவாகியிருக்கிறது. பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். எனக்கு அதுதான் இந்த வழக்கிலேயே பயனுள்ள வரி. வழக்கு தொடுப்பதற்கு முன்பு, கரீபியக் கடல் பக்கம் சூறாவளி வீசியதுதான் காரணம் என்றது கோண்டோர். நீதிமன்றத்துக்கு வந்தபின் காரணம் மாறியது. விமானத்தில் தொழில்நுட்பப் பழுது, ஊழியர்களுக்கு உடல்நலக் குறைவு என்றார்கள். முதலில் சொல்லும் காரணமும் பிறகு சொல்லும் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கவுண்டரில் சொல்லும் காரணத்தை அப்போதே மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. இரண்டு விதமாகச் சொல்லியிருந்தால் அது அவர்களுக்குத்தான் இடிக்கும்.

இதே சமயத்தில் வியன்னா வணிக நீதிமன்றத்திலிருந்து ஏர் பிரான்ஸ் மீதான இன்னொரு வழக்கும் லக்சம்பர்க் வந்து சேர்ந்தது. மெக்சிகோ நகரிலிருந்து பாரிஸ் வழியாக வியன்னா திரும்ப வேண்டிய இருவர், 2005 மார்ச் 7 இரவு செக்-இன்னில் ரத்து என்று கேள்விப்படுகிறார்கள். மறுநாள் வேறு நிறுவன விமானத்தில் ஏறி, ஏறத்தாழ 22 மணி நேரம் பிந்தி வியன்னா சேர்கிறார்கள். அதே விமானத்துக்குக் காத்திருந்த மற்றவர்களை, அன்றைய வழக்கமான விமானம் போக, எண்ணின் வாலில் ஓர் எழுத்தை ஒட்டிய கூடுதல் விமானத்தில் அனுப்பினார்கள். இரண்டு வழக்கையும் நீதிமன்றம் சேர்த்தே விசாரித்தது.

தோற்று வென்ற வழக்கு

2009 ஜூலையில் அட்வகேட் ஜெனரல், அதாவது தீர்ப்புக்கு முன்பு நீதிமன்றத்துக்குத் தன் சட்டக் கருத்தைச் சொல்பவர், எலனார் ஷார்ப்ஸ்டன் கருத்துரை கொடுத்தார். ஒரே விதமான அலைக்கழிப்புக்கு ஆளாகும் இரண்டு கூட்டத்தில் ஒன்றுக்குப் பணம், மற்றொன்றுக்கு இல்லை என்பது சமத்துவக் கொள்கையில் இடிக்கிறது என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் இத்தனை மணி நேரம் என்று ஓர் எண்ணை நீதிமன்றம் குறித்தால், அது சட்டம் இயற்றும் வேலையாகிவிடும் என்றார். அந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்தது.

நவம்பர் 19 அன்று வந்த தீர்ப்பு அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போனது.

முதல் கேள்வியில் குடும்பம் தோற்றது. எவ்வளவு நீளமான தாமதமானாலும், முதலில் திட்டமிட்டபடியே அந்த விமானம் பிறகு பறந்திருந்தால் அது தாமதம்தான், ரத்தாகாது. பலகையில் ரத்து என்று போட்டது, ஊழியர் சொன்னது, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தது, புது போர்டிங் பாஸ் தந்தது, இவை எதுவும் தனியாக ரத்துக்கு அத்தாட்சி ஆகாது. குடும்பம் கையில் வைத்திருந்த ஆதாரம் அத்தனையையும் நீதிமன்றம் ஒவ்வொன்றாக ஓரம் வைத்தது.

ஆனால் அடுத்த கேள்விக்குப் போனதும் காற்று மாறியது. ரத்துக்கு ஏன் இழப்பீடு தருகிறது சட்டம்? இழந்த நேரத்தைத் திருப்பித் தர முடியாது, அதனால் பணம். சரி, தாமதத்தில் மாட்டிக்கொண்டவர் இழப்பதும் அதே நேரம்தானே? ஒரே இழப்புக்கு இரண்டு நீதி இருக்க முடியாது. சட்டத்தின் முன்னுரையில் 15ஆம் பத்தி, அசாதாரண சூழ்நிலை பற்றிப் பேசும்போது நீண்ட தாமதத்தையும் ரத்தோடு சேர்த்தே குறிப்பிடுகிறது. அந்தச் சிறிய ஆணியில் நீதிமன்றம் பெரிய படத்தை மாட்டியது: நீண்ட தாமதத்துக்கும் ரத்துக்குரிய இழப்பீடே உண்டு.

நீண்டது என்றால் எத்தனை மணி? இங்கேதான் 3 வருகிறது. ரத்தை ஒரு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் சொல்லும் நிறுவனத்துக்குச் சட்டம் தப்பிக்க ஒரு வழி தந்திருக்கிறது. பயணியை வேறு விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். அது பழைய நேரத்துக்கு அதிகபட்சம் 1 மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம், சேரும் நேரம் 2 மணிக்குக் குறைவாகப் பிந்தலாம். அப்படிச் செய்தால் இழப்பீடு இல்லை. முன்னால் 1, பின்னால் 2. பயணி இழப்பது கூடிப்போனால் 3 மணி நேரம். அதைவிட அதிகம் இழந்தால் ரத்துக்கு ஆளானவர் பணம் வாங்குகிறார். ஆகவே 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிந்திச் சேரும் தாமதப் பயணியும் வாங்க வேண்டும்.

கணக்கு சரி. ஆனால் சட்டம் எழுதியவர்கள் மனதில் இந்தக் கூட்டல் இருந்ததா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. விடையை முதலில் வைத்துக்கொண்டு வழியைப் பின்னால் போட்டதுபோல்தான் தெரிகிறது. இருந்தாலும் இதைத் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை. எந்தச் சொல்லைப் பலகையில் போடுவது என்பதை நிறுவனம் முடிவு செய்ய, அந்தச் சொல்லே பயணிக்குப் பணம் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்தால், சட்டத்தின் சாவி யார் பையில் இருக்கிறது? தீர்ப்பு அந்தச் சாவியைப் பிடுங்கிக் கடிகாரத்தின் கையில் கொடுத்தது.

3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் தாமதம் 3 மணிக்கு மேல், ஆனால் 4 மணிக்குள் என்றால் 600இல் பாதியைக் குறைக்கலாம் என்றும் தீர்ப்பு சேர்த்துக்கொண்டது. 2010 பிப்ரவரியில் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீட்டை உறுதி செய்தது. பயணம் முடிந்து நாலரை வருடம் கழித்து.

நிறுவனங்கள் இதைச் சும்மா ஏற்கவில்லை. சில நாடுகளின் நீதிமன்றங்களுக்கே தயக்கம் இருந்தது. பிரிட்டனில் ஈசிஜெட், பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்றவையும் விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டாவும் இந்த விளக்கம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று உறுதி கேட்டன. கொலோனிலிருந்து லுஃப்தான்ஸா வழக்கு ஒன்றும் வந்தது, லாகோஸ் விமானத்தின் முன்சக்கரத் திருப்பியில் பழுது, 24 மணி நேரத்துக்கு மேல் தாமதம். முக்கிய ஆட்சேபம் 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை. தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு அதில் தனி ஏற்பாடும் உச்சவரம்பும் இருக்கும்போது இது எதற்கு என்றார்கள். 2012 அக்டோபர் 23 அன்று லக்சம்பர்க் நீதிமன்றத்தின் பெரிய அமர்வு பதில் சொன்னது. மான்ட்ரியல் பேசுவது ஆளுக்கு ஆள் மாறும் நஷ்டம், தவறிப்போன ஒப்பந்தம், வீணான ஓட்டல் முன்பதிவு, இப்படி. அதை ரசீது காட்டி நிரூபிக்க வேண்டும். நேர இழப்பு விமானத்தில் இருந்த எல்லோருக்கும் ஒரே அளவு, அதற்கு ரசீது வேண்டாம். 3 மணி நேர விதி நிலைத்தது.

எந்த நிமிடத்தில் வந்து சேர்ந்தோம்?

சொல்லைப் பற்றிய சண்டை ஓய்ந்ததும் கடிகாரத்தைப் பற்றிய சண்டை தொடங்கியது.

சால்ஸ்பர்கிலிருந்து கொலோன்-பான் போன ஜெர்மன்விங்ஸ் விமானம் ஒன்று. 2.40க்குச் சேர வேண்டியது. 5.38க்குச் சக்கரம் ஓடுபாதையைத் தொட்டது. 5.43க்கு நிறுத்துமிடத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தார்கள். ஓடுபாதையைத் தொட்டதுதான் வருகை என்றால் 2 மணி 58 நிமிடம், பணம் இல்லை. நின்றதுதான் வருகை என்றால் 3 மணி 3 நிமிடம், 250 யூரோ. அந்த 5 நிமிடத்துக்காக வழக்கு லக்சம்பர்க் வரை போனது. 2014 செப்டம்பர் 4 அன்று தீர்ப்பு: குறைந்தது ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்ற நிலை வந்த நேரமே வருகை நேரம். காரணத்தையும் அழகாகச் சொன்னார்கள். கதவு மூடியிருக்கும்வரை பயணி அடைபட்டிருக்கிறார், வெளியுலகத்தோடு பேசவும் தன் வேலையைப் பார்க்கவும் அவருக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. தாமதம் 3 மணியை ஒட்டி இருக்கும்போது, கதவு திறக்கும் கணத்தில் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

இணைப்பு விமானங்களுக்கும் கணக்கு தெளிவானது. பிரேமனிலிருந்து பாரிஸ், சாவ் பாவ்லோ வழியாக பராகுவேயின் அசுன்சியோன் போன ஒரு பயணிக்கு முதல் விமானம் தாமதமானது சுமார் இரண்டரை மணி நேரம்தான். இணைப்புகள் தவறி, ஊர் போய்ச் சேரும்போது 11 மணி நேரம் பிந்திவிட்டது. ஒரே முன்பதிவில் இருந்தால் கடைசி ஊரில் எத்தனை மணி நேரம் பிந்தினார் என்பதே கணக்கு என்றது 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தனித்தனியாக டிக்கெட் வாங்கிக் கோத்துக்கொண்டு போகிறவர்கள் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார்கள்.

எது அசாதாரணம்?

நிறுவனங்களுக்கு மிஞ்சிய ஒரே கேடயம் காரணம். எல்லா நியாயமான முயற்சியும் எடுத்தும் தவிர்க்க முடியாத அசாதாரண சூழ்நிலை என்று நிரூபித்தால் இழப்பீடு இல்லை. இன்று நடக்கும் வழக்குகளில் பெரும்பாலான சூடு இங்கேதான்.

அந்த அலிடாலியா வழக்கு இதற்கும் முன்னோடி. விசையாழியில் பழுது, முந்தைய நாளே கண்டுபிடித்தது. பழுது என்பது விமானம் ஓட்டும் தொழிலோடு பிறந்தது, அதை அசாதாரணம் என்று சொல்லித் தப்ப முடியாது என்று 2008 டிசம்பரில் தீர்ப்பானது. தயாரிப்பிலேயே மறைந்திருந்த குறை, நாசவேலை என்றால் வேறு கதை. 2015இல் கேஎல்எம் வழக்கு இன்னும் ஒரு படி போனது. கீட்டோ–ஆம்ஸ்டர்டாம் விமானம், 29 மணி நேரத் தாமதம், திடீரென்று செயலிழந்த இரண்டு பாகங்கள். முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாத பழுதானாலும் அதுவும் தொழிலின் பகுதியே. பறவை மோதினால்? அது அசாதாரணம் (2017). விமானிகள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தால்? நிறுவனத்தின் வீட்டுச் சண்டை, அசாதாரணம் ஆகாது (2021). விமானக் கட்டுப்பாட்டு மையம் வானத்தை மூடினால் அது நிறுவனத்தின் கையில் இல்லை.

என்னைத் தயங்க வைத்தது டாப் போர்ச்சுகல் என்ற விமான நிறுவனத்தின் வழக்கு. 2019 ஜூலை 17, ஸ்டுட்கார்ட். காலை 6.05க்கு லிஸ்பன் கிளம்ப வேண்டிய விமானத்தின் துணை விமானி, அதிகாலை 4.15க்கு ஓட்டல் படுக்கையில் இறந்து கிடந்தார். மருத்துவப் பரிசோதனைகளில் தவறாமல் தேறியவர். கூட இருந்த ஊழியர்கள் அதிர்ச்சியில் பறக்க மறுத்தார்கள். லிஸ்பனிலிருந்து புதுக் குழு வந்து, மாலை 4.40க்குத்தான் விமானம் கிளம்பியது. 2023இல் நீதிமன்றம் இதையும் அசாதாரணம் என்று ஏற்கவில்லை. ஊழியர் திடீரென்று வராமல் போவது எந்த நிறுவனத்துக்கும் நேரும், மரணமும் அதில் ஒன்று என்றது. தர்க்கம் பிசகவில்லைதான். ஆனாலும் அந்த விடியற்காலையில் அந்த ஓட்டலில் இருந்தவர்களிடம் இதைச் சாதாரணம் என்று யாரால் சொல்ல முடியும்?

பலரும் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. அசாதாரண சூழ்நிலை என்றால் இழப்பீடு மட்டும்தான் போகும். சாப்பாடும் ஓட்டலும் போகாது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானமே மூடிக்கிடந்தபோது, போர்ச்சுகலின் ஃபாரோவில் மாட்டிக்கொண்ட ஒரு பயணி ஒரு வாரம் போல அங்கேயே இருக்க நேர்ந்தது. தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் ஆன 1,129.41 யூரோவைக் கேட்டார். இது சட்டம் நினைத்த அசாதாரணத்தைவிடப் பெரிய அசாதாரணம் என்பது விமான நிறுவனமான ரயன்ஏரின் வாதம். அப்படி ஒரு வகை சட்டத்தில் இல்லை என்று முடித்தது நீதிமன்றம். தேவையான, நியாயமான செலவுக்கு ரசீது இருந்தால் நாள் கணக்கும் தொகை வரம்பும் கிடையாது.

மறுபடி கடிகாரம்

3 மணி நேரம் இன்னும் சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை, தீர்ப்புகளில்தான் வாழ்கிறது. 2013இல் ஐரோப்பிய ஆணையம் அதைத் தூரத்துக்குத் தக்கபடி 5, 9, 12 மணி நேரமாக உயர்த்தப் பார்த்தது. வருடக்கணக்கில் தூங்கிய அந்தக் கோப்பை 2025 ஜூனில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் தூசு தட்டினார்கள். 3,500 கிலோமீட்டர் வரை 4 மணி நேரம், 300 யூரோ. அதற்கு மேல் 6 மணி நேரம், 500 யூரோ என்பது அவர்கள் முடிவு. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு 3 மணி நேரத்தை விடமாட்டோம் என்று நின்றது. இழுபறி தொடங்கியது.

அமைச்சர்களின் கணக்கை நம் வழக்குகளில் வைத்துப் பார்க்கலாம். பிரிண்டிசிக்கு 3 மணி 40 நிமிடம் பிந்திய பெண்ணின் விமானம் தாமதமாக மட்டும் வந்திருந்தால் ஒன்றும் இல்லை. கொலோனில் கதவு திறக்கக் காத்திருந்தவர்களுக்கும் ஒன்றும் இல்லை. ஓடுபாதையா, நிறுத்துமிடமா என்ற கேள்வியே எழாது. டொராண்டோ குடும்பத்துக்கு உண்டு, தலைக்கு 100 யூரோ குறைத்து.